நாற்பது பக்கச் செக்போஸ்ட்

அக்காவின் காலில் மாவுக்கட்டுப் போட்ட கோடையில், கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த நான் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தேன். உலகத்தில் வேறு எவனுக்கும் தோன்றாதது என்ற நினைப்பு எனக்கு. புதுச்சேரி எல்லையில் இருக்கும் எங்கள் சோரியாங்குப்பத்தில் சாராயக் கடத்தலைப் பார்க்காத ஆள் கிடையாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, அங்கே அப்போது மதுவிலக்கு. அதையே விளையாட்டாக்கினேன். அக்கா மீன்காரி, கூடைக்கு அடியில் பாட்டில். பக்கத்து வீட்டு அண்ணனும் தம்பியும் அவளுடைய கூட்டாளிகள். போலீஸ் நான். தாங்கள் செய்வதை அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் தேய்த்த நான்கு புளியங்கொட்டைகளை உருட்டி குறைந்தது மூன்று வெள்ளையாக விழுந்தால் தப்பித்தார்கள். அவ்வளவுதான் சட்டம்.

முதல் நாள் சிரித்த சிரிப்பில் அக்காவுக்குக் கட்டுக்குள் இருந்த அரிப்பே மறந்துபோனது. அதோடு விட்டிருக்கலாம். விடுவேனா? படித்தவன் ஆயிற்றே! நனைந்த கூடையின் எடை, எதிர்க்காற்று, போலீஸ்காரர் சாப்பிட்டாரா, சாப்பிட்டது மீனா கறியா, எல்லாவற்றுக்கும் தனித்தனி உருட்டு. நாற்பது பக்க நோட்டு நிரம்பியது.

"டேய், மூணு நாளா நான் ஆத்துல காலே வெக்கல. நெஜமா போயிருந்தா மீன வித்துட்டு வூட்டுக்கே வந்திருப்பேன்," என்றாள் அக்கா.

அண்ணனும் தம்பியும் வருவதை நிறுத்தினார்கள். மூளை இல்லாதவர்கள் என்று திட்டினேன். கோபத்தில், சட்டமே வேண்டாம், இஷ்டத்துக்குப் போ என்று அக்காவிடம் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் ஆற்றைத் தாண்டி, பாட்டிலை விற்று, திரும்பியும் வந்துவிட்டாள்.

"இன்னாடா இது? மாட்டிக்குவோம்னு பயமே இல்லியே," என்றவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவனுங்களக் கூட்டிகினு வாடா. இன்னும் நாலு வாரம் இந்தக் கூரையவே பாத்துகினு கெடக்கணுமா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. விளையாட்டே அவளுக்காகத்தான் என்பதை நான் எந்தப் பக்கத்திலும் எழுதி வைக்கவில்லை.

போய்க் கெஞ்சினேன். "நோட்டு அடுப்புல போவணும். போலீஸு அக்கா. நீ கூடை தூக்கு," என்றான் அண்ணன்காரன். அடுப்பில் என் நாற்பது பக்கம் ஒரு காபி கொதிக்கக்கூடப் போதவில்லை.

முதல் உருட்டிலேயே எனக்கு இரண்டு வெள்ளைதான் விழுந்தது. "பன்னண்டாம் பக்கத்துல இதுக்கு ஒரு விதிவிலக்கு இருந்துச்சு," என்றேன்.

அக்கா மாவுக்கட்டுக் காலை மெல்ல நகர்த்தி எனக்குக் குறுக்கே வைத்தாள். "இதான் செக்போஸ்ட்டு. எறக்குடா கூடைய."

கட்டுப் பிரிக்கும்வரை நான் ஒரு தடவைகூட அக்கரை சேரவில்லை.