பனிமூட்டத்தில் வாங்கிய மஞ்சள் அட்டை

எக்கார்ட் சொபோட்காவுக்கு நான் ஆயிரம் ஜெர்மன் மார்க் கடன்பட்டிருந்தேன். கூரை வேலைக்கு ஏணிகளும் ஒரு பழைய வண்டியும் வாங்கக் கொடுத்தான். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வங்கிக்காரன் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. வாங்கியதை ஒரே வருடத்தில் திருப்பிக் கொடுத்தேன். இன்று எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்கு ஓடு போட்டது என் ஆட்கள்தான். ரூர் பகுதியில் சுரங்கங்கள் மூடிய பிறகு என்னைப் போல் எழுந்து நின்றவன் எவன் இருக்கிறான், சொல்லுங்கள்.

எக்கார்டுக்கு அந்த யோகம் இல்லை. சுரங்கத் தொழிலாளியின் மகன், கால்பந்தில் தடுப்பாட்டக்காரன். இரண்டாம் பிரிவில் ஆறு சீசன் ஆடினான். முதல் பிரிவு அணி ஒன்று கூப்பிட்ட அதே கோடையில் முழங்கால் போயிற்று. மூன்று முறை அறுத்தார்கள். பிறகு பயிற்சியாளர் உரிமம் வாங்கினான். எல்லாம் சின்ன ஊர் அணிகள். இலையுதிர் காலத்தில் எடுப்பார்கள், நாலு ஆட்டம் தோற்றால் வசந்தத்துக்கு முன்பே அனுப்பிவிடுவார்கள். நடுவில் பீர் பெட்டி ஏற்றும் வண்டி ஓட்டினான். மனைவி கேர்லிண்டே பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பவே இல்லை.

கடைசியில், நான் தலைவனாக இருந்த எங்கள் ஊர் அணிக்கே அவனைக் கொண்டுவந்தேன். கமிட்டியில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. மேசையைத் தட்டினேன், வாயை மூடிக்கொண்டார்கள். கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பித்தால் அவனுக்கு இன்னும் இரண்டு வருட வேலை, இறங்கினால் வீட்டுக்கு. வயது ஐம்பத்து மூன்று. வேறு எவரும் கூப்பிடப் போவதில்லை என்பது அவனுக்கே தெரியும். பையன்களிடம், "தப்பிச்சிட்டா ஆளுக்கு இருநூறு மார்க், கிளப் தரும்" என்று வாக்கும் கொடுத்துவிட்டான்.

கடைசி ஆட்டத்தில் ஜெயித்தே ஆக வேண்டும். எங்கள் நடுத் தடுப்பாட்டக்காரன் யென்ஸ். நாலு மஞ்சள் அட்டை சேர்ந்தவன் அடுத்த ஆட்டத்தில் ஆடக் கூடாது.

"யென்ஸுக்குப் போன வாரத்தோட நாலு ஆச்சேடா?" என்று உடை மாற்றும் அறை வாசலில் எக்கார்டிடம் கேட்டேன்.

"மூணுதான். நவம்பர்ல ஒரு ஆட்டத்தப் பனிமூட்டம்னு பாதியில நிறுத்துனாங்களே, அதுல வாங்குன அட்டைய எப்படிச் சேர்ப்ப? நாம போட்ட ரெண்டு கோலையே செல்லாதுன்னு மறுபடி ஆட வச்சானுங்க. நீ போய்க் கூரையப் பாரு முதலாளி, ஆட்டத்த நான் பாத்துக்கறேன்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஒன்றுக்குப் பூஜ்யம், ஜெயித்தோம். யென்ஸ்தான் தலையால் முட்டிப் போட்டான். எக்கார்ட் மைதான ஓரத்தில் உட்கார்ந்து அழுதான். மைதான வாசலில் சாஸேஜ் வறுத்து விற்கிறவள் அன்று யாரிடமும் காசு வாங்கவில்லை.

நாலு நாள் கழித்துக் கால்பந்துச் சங்கத்திலிருந்து தகவல் வந்தது. நின்றுபோன ஆட்டத்தின் கோல் செல்லாது, அட்டை செல்லும். புள்ளிகள் எதிரணிக்கு. நாங்கள் கீழே இறங்கினோம்.

கமிட்டி அன்றைக்கே அவனை நீக்கியது. இறங்கின அணிக்குப் பரிசுப் பணமும் கிடையாது என்றது. நான் கத்தியது எவன் காதிலும் ஏறவில்லை.

"பையனுங்க காச நான் குடுக்கறேன்டா," என்றேன். "எனக்கு அது ஒரு கொட்டகைக்கு ஓடு போடுற காசு."

"நீ பணக்காரன்னு ஊருக்கே தெரியும், திருப்பித் திருப்பிச் சொல்லாத. அவனுங்க ஜெயிச்சானுங்க. தோத்தது நான்."

எக்கார்ட் தன் ஓப்பல் காரை விற்றுவிட்டுக் கிளப்புக்கு வந்தான். பையன்கள் பதினெட்டுப் பேரும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

"வேணாம் கோச்," என்றான் கோல்கீப்பர்.

"எதுத்துப் பேசினா பத்து மார்க் அபராதம். அதையும் இதுலயே புடிச்சுக்கவா?"

கோல்கீப்பர் காசை வாங்கிக்கொண்டான். கடைசியாக யென்ஸ். இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளிலிருந்து எடுக்கவே இல்லை.

"என்னாலதான கோச் எல்லாம் போச்சு."

"நீ கோல் போட்டவன்டா. அட்டைய எண்ணத் தெரியாதவன் நான். கைய நீட்டு."

"முடியாது கோச்."

"எனக்கு இனிமே டீம் கெடையாது, யென்ஸ். இந்த ஒண்ணாவது நான் சொல்றதக் கேளு."

யென்ஸ் கையை விரித்தான். எக்கார்ட் இருபது மார்க் நோட்டுகளை ஒவ்வொன்றாக அதில் வைத்து, வாய்விட்டு எண்ணினான். பத்தாவது நோட்டோடு கார் விற்ற பணம் தீர்ந்தது.