ஐந்தாவது தோட்டா போன இடம்

எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தில் அவரை ‘அஞ்சுக்கஞ்சு’ என்றுதான் கூப்பிடுவோம். வயது அறுபத்தெட்டு. பட்டாளத்தில் பதினாறு ஆண்டு, நான்கு மாதம். வெளியே வந்ததிலிருந்து இன்றுவரை தையல் மெஷின் பழுதுபார்க்கிறார். கடை பத்தடிக்கு எட்டடி. எந்த மெஷின் வந்தாலும் முதலில் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காதைக் கொடுத்துக் கேட்பார். அப்போது அவருடைய இடது கண் தானாக மூடிக்கொள்ளும். குறி பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். ஊசியில் நூல் கோக்கும்போதும் மூடும், கடைக்காரர் தராசில் வெங்காயம் நிறுக்கும்போதும் மூடும்.

“என்னை முதல்ல பார்த்தப்பவும் அப்படித்தான். கண்ணடிக்கிறார்னு நெனச்சு எங்கப்பா செருப்பைத் தேடினார்” என்பார் அவர் மனைவி.

பட்டப்பெயர் அவர் வாயாலேயே வந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், எங்கள் படைப்பிரிவுக்குப் புதுத் துப்பாக்கிகள் வருவதற்கு முந்தைய வாரம், பழைய போல்ட் ரைஃபிள்களை வைத்துக் கடைசியாக ஒரு சுடுபயிற்சி நடந்தது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கைப்பிடியைத் தூக்கி, முழுக்கப் பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மடக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த தோட்டா ஏறும். முந்நூறு கஜ தூரம், ஐந்து தோட்டா, ஒரு நிமிடம். அவர் படுத்தது ஆறாம் தடம். அஞ்சுக்கு அஞ்சும் பட்டது என்று சாதித்தார். அவருடைய இலக்கு அட்டையில் நான்கு ஓட்டைகள்தான் இருந்தன.

பக்கத்தில் ஏழாம் தடத்தில் படுத்தவர் எங்கள் சமையல்காரர். அதுவரை எந்தத் தேர்விலும் தேறாதவர். அன்று அவர் அட்டையில் ஐந்து ஓட்டை. அவர் திருதிருவென்று விழித்ததைப் பார்த்து, அவருக்கே நம்ப முடியவில்லை என்று அப்போது நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

சமையல்காரரின் மகளை அஞ்சுக்கஞ்சுவின் மகன் கட்டிக்கொண்டு பதினோரு ஆண்டாகிறது. கேலி மைதானத்திலிருந்து சாப்பாட்டு மேசைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

“சம்பந்தி, அந்த அஞ்சாவது தோட்டா கீழ இறங்கிடுச்சா, இன்னும் பறக்குதா?”

“உங்க குழம்புல விழுந்து கரைஞ்சிருக்கும். அதான் அன்னிக்கு யாருக்கும் வயிறு சரியில்லை.”

போன மாதம் தலைமையகத்திலிருந்து அந்தப் பழைய ரைஃபிள்களில் ஒன்றை, சுட முடியாதபடி குழாயை அடைத்து, சங்கத்துக்கு அனுப்பினார்கள். கூடவே அன்றைய மதிப்பெண் பதிவேடும் வந்தது. ரைஃபிளைக் கூடத்துச் சுவரில் மாட்டி, கீழே ஒரு பித்தளைத் தகட்டில், அன்று ஐந்துக்கு ஐந்து அடித்தவர் பெயரைப் பொறிப்பது என்று கமிட்டி முடிவெடுத்தது. செயலாளர் நான். வாசகம் என் பொறுப்பு. பதிவேட்டின்படி தகுதியுள்ளவர் ஒருவரே, சமையல்காரர்.

செவ்வாய் காலை பத்து இருபதுக்கு அஞ்சுக்கஞ்சு என் வீட்டுக்கு வந்தார்.

“ரைட்டரே, தகட்டுல யார் பேரு வேணா இருக்கட்டும். என் அஞ்சாவது பட்டுச்சு. பித்தளையில வெட்டிட்டா நான் தவறவிட்டதுதான் நெலைச்சுப் போகும். ஒருத்தராவது நம்பணும். என் பொண்டாட்டியே இன்னிவரைக்கும் நம்பலை.”

படையில் நான் தோட்டாக் கிடங்கின் எழுத்தர். கொடுத்தது, திரும்பியது இரண்டையும் அரசாங்கப் பதிவேட்டில் எழுதிவிட்டு, என் சொந்த நோட்டிலும் எழுதிக்கொள்வேன். அன்றைய நோட்டை எடுத்தேன். ஆறாம் தடம்: கொடுத்தது ஐந்து, திரும்பியது இல்லை. ஏழாம் தடம்: கொடுத்தது ஐந்து, திரும்பியது ஒன்று. காரணமும் எழுதியிருந்தேன். சமையல்காரர் பதற்றத்தில் போல்ட்டை முழுக்க இழுக்காமல் பாதியிலேயே தள்ளியிருக்கிறார். ஐந்தாவது தோட்டா ஏறவில்லை. அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

மதிப்பெண் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்தேன். நான்கு சுட்டவரின் அட்டையில் ஐந்து ஓட்டை. இவ்வளவு நாள் இதை ஒப்பிட்டுப் பார்க்காதது என் பிழை.

அஞ்சுக்கஞ்சு முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே சுருங்கியது.

“அப்போ நான் சுட்டது பக்கத்து அட்டையிலயா?”

குறி தப்புவது யாருக்கும் நேரும். காற்றைச் சொல்லலாம், வெயிலைச் சொல்லலாம். அடுத்தவர் அட்டையில் சுடுவது பட்டாளத்தில் சேர்ந்து ஒரு வாரமானவர்கள் செய்வது. அதற்காகப் புதியவர்களை மைதானத்தை மூன்று சுற்று ஓடவிட்டவர் இவரே.

“மூடி வைங்க ரைட்டரே. வானத்துல போனதாவே இருக்கட்டும். என் மருமகளுக்கு அவங்கப்பா அடிச்ச ஒரே அஞ்சு இது.”

“நாலு சுட்டவருக்கு அஞ்சுன்னு என் கையால எழுத மாட்டேன்.”

சனிக்கிழமை மாலை சம்பந்திகள் இருவரையும் சங்கக் கூடத்துக்கு வரச் சொன்னேன். மருமகள்தான் காரில் அழைத்து வந்தாள். இரண்டு ஏடுகளையும் மேசைமேல் திறந்து வைத்து வரிகளை விரலால் காட்டினேன். சமையல்காரர் கண்ணாடியைக்கூட எடுத்துப் போடவில்லை.

“அந்தத் தோட்டாவை உங்க கையில குடுத்ததே நான்தானே ரைட்டரே. எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுமா இத்தனை வருஷம் என்னை ஓட்டினீங்க?” என்றார் அஞ்சுக்கஞ்சு.

“சொன்னா மறுபடி சுடச் சொல்லியிருப்பாங்க, சம்பந்தி. நான் செத்தேன். அப்புறம் நாலு பேர் கைகுடுத்தாங்க. அதுக்கப்புறம் எங்க சொல்றது?”

“அப்பா, என் கல்யாணத்தன்னிக்கு மைக்கைப் பிடிச்சு மாமாவைக் கிண்டல் பண்ணீங்களே” என்றாள் மருமகள். “வெக்கமா இல்லையா உங்களுக்கு?”

சமையல்காரர் சம்பந்தியின் பக்கம் திரும்பினார்.

“பட்டுச்சுங்க. நட்டநடுவுல பட்டுச்சு. அந்த அட்டையிலேயே உருப்படியான ஓட்டை அது ஒண்ணுதான். மத்த நாலும் ஓரத்துல ஒட்டிக்கிட்டு நின்னுச்சு.”

அஞ்சுக்கஞ்சு தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தார். “மூணு சுத்து ஓடணும்னா முட்டி தாங்காது, சம்பந்தி.”

விதிப்படி அடுத்தவர் அட்டையில் பட்டது கணக்கில் சேராது. ஆகவே ஐந்துக்கு ஐந்து என்று அன்று யாருமே இல்லை. ஆனால் இரண்டு தடத்திலும் சேர்த்துச் சுடப்பட்டவை ஒன்பது, ஓட்டைகளும் ஒன்பது. இதில் பொய் ஏதும் இல்லை. கமிட்டி ஒப்புக்கொண்டது. ‘தடம் ஆறும் ஏழும். சுட்டது ஒன்பது, பட்டது ஒன்பது’ என்று பொறித்து, கீழே இருவர் பெயரையும் தட வரிசையில் போட்டோம். வயதில் மூத்தவன் பெயர் இரண்டாவதா என்று சமையல்காரர் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்தார். கோப்பில் இருக்கிறது.

அதற்கடுத்த வாரம் ஞாயிறன்று தகட்டை மாட்டினோம். அஞ்சுக்கஞ்சுவின் மனைவி கிட்டே போய் இரண்டு முறை படித்துவிட்டு, இதில் உங்கள் அஞ்சு எங்கே என்று கேட்டார். அஞ்சுக்கஞ்சு குரலைத் தாழ்த்தி, பக்கத்து அட்டை விவரம் உட்பட எதையும் விடாமல் சொன்னார்.

“அடுத்தவங்க அட்டையிலயா?” அம்மையார் தலையசைத்தார். “அப்போ நிஜமாத்தான் இருக்கும். பெருமைக்கு யாரும் இப்படிச் சொல்ல மாட்டாங்க. இதை மொதல்லயே சொல்லியிருந்தா அன்னிக்கே நம்பியிருப்பேனே.”