எல்லோருக்கும் மறுத்துக் கதைத்த அண்ணை

பிள்ளைகளே, நோர்வேயில், லோறென்ஸ்கூக்கில் நான் வேலை செய்த சலவைத் தொழிற்சாலையில் ஓர் அண்ணை இருந்தார். மெலிந்த மனிதர். கோடையிலும் கழுத்தில் மப்ளர் கட்டியிருப்பார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனில் அமெரிக்கச் செய்தி பார்ப்பார். எங்கள் தமிழ் மேசை எதைச் சொன்னாலும் மறுத்துக் கதைப்பார்.

ஒருநாள் அமெரிக்க அரசியல்வாதி ஒருவர்மேல் போட்ட வழக்கைப் பற்றிக் கதை வந்தது. "கள்ளன், உள்ளை போடவேணும்," என்றார்கள் எல்லோரும்.

"ரீவீக்காரன் சொன்ன உடனை கள்ளனோ? அதைக் கோர்ட்டெல்லோ சொல்லவேணும்," என்றார் அண்ணை.

"இவர் அவன்ரை ஆள்தான்," என்று ஒருவர் சிரித்தார். நடுவில் வைத்திருந்த கறிப் பெட்டிகளை மற்றவர்கள் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். அண்ணை தன் பாண் துண்டை எடுத்துக்கொண்டு யன்னலோரம் போய்த் தனியே இருந்தார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. அடுத்த நாள், அண்ணை சொன்னது நியாயம் என்று மேசையில் சொன்னேன்.

"அப்ப நீரும் அங்கை போம்," என்றார்கள்.

போனேன்.

"அண்ணை, நீங்கள் சொன்னது சரி. அந்த மனிசன் ஒரு பிழையும் செய்யேல்லை."

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "ஆர் சொன்னது? அவன் செய்திருப்பான் எண்டுதான் நானும் நினைக்கிறன்."

"அப்ப ஏன் அவனுக்காகக் கதைச்சனீங்கள்?"

"வேறை ஒருத்தரும் கதைக்கேல்லையே."

சொல்லிவிட்டு, எனக்கு இடம்விட்டுத் தள்ளி இருந்தார். நான் அவரோடு சேர்ந்து சாப்பிட்டேன். ஆனால், நான் எந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறேன் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.