உளுத்துப்போன தேக்கு

வேலாயுதத்தின் மரக்கடைக் கணக்கைப் பார்க்க கோர்ட் எங்களுக்கு மூன்று நாள் கொடுத்திருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் வரை எனக்கு ஒரு தப்பும் கிடைக்கவில்லை. பேரேடு சரி, சிட்டா சரி, கூட்டல் சரி. எல்லாம் சரியாக இருந்தும் கடை மட்டும் நஷ்டத்தில் போய்க்கொண்டிருந்தது. தெருவில் நின்று பார்த்தாலோ லாரி லாரியாக மரம் வந்து இறங்கியது. எனக்குத் தலை சுற்றியது.

அறுபதுகளின் தொடக்கம் அது. தென்காசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். அதற்கு முன் ரைஸ் மில்லில் கணக்கு எழுதியவன் என்பதால், கணக்குச் சம்பந்தப்பட்ட கேஸ்களை வக்கீல் என் பக்கம் தள்ளிவிடுவார்.

எங்கள் கட்சிக்காரர் கோமதி, வேலாயுதத்தின் மனைவி. அவன் அடித்து ஒடித்த இடது மணிக்கட்டு கோணலாகவே ஒட்டியிருந்தது. சேர்ந்து வாழ வேண்டியதில்லை என்ற உத்தரவை முதலில் வாங்கினாள். அன்றைய சட்டப்படி இரண்டு வருஷம் காத்திருந்து, பிறகு விவாகரத்தும் ஜீவனாம்சமும் கேட்டு மனுப் போட்டாள். அதுவரை ஐந்து வயது மகளோடு கடையத்தில் அப்பா வீட்டில் இருந்து பீடி சுற்றினாள். வேலாயுதத்தின் பதில் மனுவில் ஒரே வரி: கடை முழுகிவிட்டது, கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

கோமதியின் அப்பா சுப்பையா வாராவாரம் ஆபீசுக்கு வருவார். ஃபீஸ் கட்டியது அவர்தான். வந்ததும் என் மேஜையருகே நின்று, "ஏதும் தட்டுப்பட்டுதா தம்பி?" என்று மெதுவாகக் கேட்பார். மகளுக்காக இப்படி அலைகிறாரே என்று நான் அவருக்கு நாற்காலி இழுத்துப் போடுவேன்.

1. விறகு வாங்கிய ஆசாரி

மூன்றாம் நாள் கூட்டலை விட்டுவிட்டு, எழுதியிருந்த வார்த்தைகளைப் படிக்க ஆரம்பித்தேன். ஸ்டாக் புத்தகத்தில் மாதாமாதம் ஒரு வரி வந்தது. 'உளுத்த தேக்கு, விறகு விலைக்கு, சங்கரன், குற்றாலம்.' இரண்டு வருஷமாக அதே வரி, அதே ஆள். சேர்ந்து வாழ வேண்டியதில்லை என்று கோமதிக்கு உத்தரவு வந்த மறு மாதம்தான் அது தொடங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் குற்றாலம் போனேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. விறகுக் கடை சங்கரன் எங்கே என்று டீக்கடையில் கேட்டேன்.

"விறகுக் கடை சங்கரனா? அப்படி ஒருத்தரும் இல்லையே. சங்கர ஆசாரி ஒருத்தரு இருக்காரு. ஐந்தருவி ரோட்டுல லாட்ஜு ஒண்ணு கட்டுதாங்க, அங்கன வேலை பாக்காரு."

மாடிக் கட்டடம், கூரை முடிந்திருந்தது. ஆசாரி கதவு நிலைக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். இன்னும் இழைக்காத கட்டைகளின் முனையில் வட்டத்துக்குள் ஒரு வேல் முத்திரை அடித்திருந்தது. வேலாயுதத்தின் கடைச் சுத்தியல் குறி அது.

"நீங்க உளுத்த மரம் வாங்குனதா கணக்குல இருக்கே" என்றேன்.

ஆசாரி சிரித்தார். "நானா? நான் கூலிக்கு வேலை பாக்கேன் சார். வைரம் பாஞ்ச தேக்கு உளுத்து நான் பாத்ததில்ல. இந்தா, தட்டிப் பாருங்க."

தட்டினேன். கணீரென்றது. "கட்டடம் யாருது?"

"கடையத்துப் பெரியவர் ஒருத்தரு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வருவாவ. பேரு தெரியாது, அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவோம்."

வேலாயுதத்துக்குக் கடையத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். வைப்பாட்டியின் அப்பாவாக இருக்கலாம் என்றுகூட ஒரு கதை கட்டினேன்.

மறுநாள் ரிஜிஸ்தர் ஆபீசில் வில்லங்கம் பார்க்க மனுக் கொடுத்தேன். இரண்டு நாளில் நகல் வந்தது. நிலம் வாங்கியவர்: கடையம், முத்தையா மகன் சுப்பையா.

மூன்று தடவை படித்தேன். அதே பெயரில் இன்னொருவர் இருக்கக் கூடாதா? எங்கள் ஃபீஸ் புத்தகத்தில் இருந்த அவர் விலாசத்தை எடுத்து ஒத்துப் பார்த்தேன். கதவு நம்பர் வரை பொருந்தியது. மகளுக்காக வழக்கு நடத்துகிற மனிதர் மருமகன் மரத்தில் எதற்காகக் கட்டடம் கட்ட வேண்டும்? அப்படியே கட்டினாலும், மகள் எதற்கு அவர் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்ற வேண்டும்? எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் எனக்குப் பொருள் விளங்கவில்லை.

அன்று மத்தியானமே அவர் வந்தார். "ஏதும் தட்டுப்பட்டுதா தம்பி?"

"இல்ல அண்ணாச்சி" என்றேன். முதல் தடவையாக அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். அவர் நிம்மதியாக மூச்சு விட்டது போலத் தோன்றியது. அதுவும் என் கற்பனையோ என்னவோ.

2. யாருடைய கேஸ்

வக்கீலிடம் நகலை வைத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத இப்ப என்ன செய்யணும்னு நினைக்கேரு?"

"ஃபீஸ் கட்டுதது அவருல்லா சார். அவர்ட்டச் சொல்லாம எப்படி..."

"வக்காலத்துல கையெழுத்துப் போட்டது யாருவே?"

"கோமதி."

"அப்ப அவளக் கூப்பிடும். தனியா."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கோமதியிடம் நான் ஒருநாளும் தனியாகப் பேசியதில்லை. கேள்வியை அப்பாவிடம் கேட்பேன், அவர் பதில் சொல்வார், அவள் தலையாட்டுவாள்.

அவள் வந்தாள். நகலைப் படித்ததும் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னது வேறு.

"வீட்டுல உப்புப் புளிக்கு நான் பீடிக் கூலியக் குடுக்கேன் சார். வாங்கிக்கிடுதாவ. எண்ணிப் பாத்து வாங்கிக்கிடுதாவ."

நகலை மேஜையில் வைத்துவிட்டு, "எங்கப்பாவ இங்கன கூப்பிடுங்க. நான் கேக்கணும்" என்றாள்.

மறுநாள் காலை சுப்பையா வந்து உட்கார்ந்தார். கோமதி நகலை அவர் மடியில் வைத்தாள். அவர் மறுக்கவில்லை. 

"மாப்பிள்ள வந்து கேட்டாரு. கட்டடம் உங்க பேர்ல இருக்கட்டும், அவ திரும்பி வந்தா அவ பேருக்கு மாத்திருதேன்னாரு. கையில காசில்லாம ரெண்டு வருசம் கஷ்டப்பட்டா நீயே போயிருவன்னு நெனச்சேன்."

"எங்க போக? இந்தக் கையோடயா?"

"எல்லா வீட்டுலயும் நடக்குததுதான்..."

"பெறகு வக்கீலுக்கு எதுக்குப்பா பணம் கட்டுனிய?"

"கட்டலேன்னா ஊர் என்ன சொல்லும்? பெத்தவன் கைவிட்டுட்டாம்பாங்க."

அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றியது. அதுதான் என்னை இன்னும் குழப்பியது. வழக்கையும் அவரே நடத்தினார், தோற்கிற வழியையும் அவரே செய்துவைத்தார். இரண்டும் மகளுக்கென்றே அவர் நம்பினார். எங்களுக்குக் கட்டிய ஃபீஸ் யார் பணம் என்று கேட்க நான் வாயெடுத்தேன். வக்கீல் கண்ணாலேயே தடுத்தார்.

கோமதி வக்கீல் பக்கம் திரும்பினாள். "இவுகள சாட்சிக்குக் கூப்பிடலாமா சார்?"

"உங்களுக்கு எதிராச் சொன்னா?"

"சொல்லட்டும். எம்முன்னால சொல்லட்டும்."

3. கூண்டில்

ஆசாரி வந்து சாட்சி சொன்னார். முத்திரை விழுந்த கட்டை ஒன்றை மேஜை மேல் வைத்தோம். அந்தக் கட்டடத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை, அது மாமனார் சொத்து என்றான் வேலாயுதம்.

பிறகு சுப்பையா ஏறினார். நிலமும் மரமும் யார் பணத்தில் வந்தது என்று வக்கீல் கேட்டார். சுப்பையா மருமகனைப் பார்த்தார். அவர் 'என்னுது' என்று ஒரு வார்த்தை சொன்னால் எங்கள் கேஸ் படுத்துவிடும். கோமதி பெஞ்சில் அப்பாவுக்கு நேரே உட்கார்ந்திருந்தாள். ஜட்ஜ் கேள்வியைத் திரும்பச் சொன்னார்.

"மாப்பிள்ளையோடது" என்றார் சுப்பையா. "என்னுது கையெழுத்து மட்டுந்தான்."

விவாகரத்து கிடைத்தது. மாதாமாதம் ஜீவனாம்சமும், அது நின்றுபோகாமல் அந்தக் கட்டடத்தின் மேல் பாத்தியதையும் எழுதி உத்தரவானது. கோமதி தென்காசியிலேயே ஒரு சின்ன வீடு பிடித்து, மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள்.

அதன்பின் நான் குமாஸ்தாவாக இருந்த காலம் முழுவதும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பெண் கட்சிக்காரர் யாரோடு வந்தாலும், கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம் முதலில் தனியாகப் பேசுவேன். அண்ணன்மார் முகம் சுளிப்பார்கள், சில அப்பாமார் சண்டைக்கு வருவார்கள். இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். கணக்கு பார்ப்பதெல்லாம் பிறகு.

ஆனால் சுப்பையா எதற்காகக் கூண்டில் உண்மையைச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உத்தரவு நகல் வாங்க வந்த அன்று கோமதியிடமே அதைக் கேட்டேன்.

"தெரியல சார்" என்றாள். "இந்த ஞாயித்துக்கெழம சாப்பிட வரச் சொல்லியிருக்கேன்."

"மன்னிச்சிட்டீங்களாம்மா?"

நகலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள்: "அதுவும் தெரியல. வரட்டும். சோறு போட்டுட்டுப் பாப்போம்."