கூட்டம் பாட வேண்டிய வரி

நான் டீக்கடைக்குள் நுழைந்ததும் பேச்சு பெட்ரோல் விலைக்குத் தாவியது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கடையில், ஞாயிற்றுக்கிழமை காலையில், நாங்கள் மூன்று பேரும் பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசியதாகச் சரித்திரமே கிடையாது. ஒருவர் டவுன் பஸ் கண்டக்டர். இன்னொருவர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பி. மூன்றாவது ஆள் நான். திருமங்கலத்தில் போர்வெல் மோட்டார் விற்று, ரிப்பேரும் பார்க்கிறேன். எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு பேண்டு. வாரா வாரம் எங்களைச் சண்டை போட வைத்ததும் அதுதான். அன்றைக்கு அவர்கள் இருவரும் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு பெட்ரோலுக்காகக் கவலைப்பட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. கண்டக்டரிடம் வண்டியே கிடையாது.

பேண்டு என்றால் கல்யாண ஊர்வலத்தில் டிரம்பெட் ஊதிக்கொண்டு போகிற பேண்டு செட் இல்லை. என் மாமனார் இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். இது எலெக்ட்ரிக் கிதார், பேஸ் கிதார், டிரம்ஸ், கூடவே ஓர் உறுமி, ஒரு பாடகர் என்று ஐந்து பேர் கொண்ட கூட்டம். மதுரையில் கல்லூரிப் பையன்களாக ஆரம்பித்தார்கள். சினிமாப் பாட்டைத் தொடவே மாட்டார்கள். சொந்தப் பாட்டுதான். கோயில் திருவிழாவோ இளைஞர் மன்ற விழாவோ, அவர்கள் மேடை ஏறினால் சுற்றுப்பட்டிலிருந்து பைக்குகள் வந்து குவியும். நாங்களும் அப்படிப் போய் நின்றவர்கள்தான்.

பிறகு பாடகர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். வேலைக்காகப் போனார் என்றார்கள், கிதார் வாசிப்பவரோடு சண்டை என்றார்கள், எது உண்மையோ தெரியாது. அடுத்து டிரம்ஸ் வாசித்தவர் சென்னைக்குக் கிளம்பினார். பேஸ் கிதார்காரர் எப்போது காணாமல் போனார் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. மிஞ்சியது கிதார் அண்ணனும் உறுமிக்காரரும் மட்டும்.

கண்டக்டரின் கட்சி, "பாடகன் போன அன்னைக்கே பேண்டு செத்துப்போச்சு" என்பது. செல்போன் கடைத் தம்பிக்கோ டிரம்ஸ்தான் எல்லாம். "பாட்டு யாரு வேணாலும் பாடலாம்ணே, அந்த அடி எங்க வரும்?" என்பான். நான் கண்டக்டர் கட்சி. டேபிளைத் தட்டித் தட்டிப் பேசியிருக்கிறேன். வாழ்க்கையில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் இருந்த ஒரே விஷயம் இதுதான்.

அப்படி இருக்கும்போதுதான் பேண்டுக்குப் புதுப் பாடகன் வந்தான். வந்தவன் என் மனைவியின் தம்பி.

அவன் டிப்ளமோ முடித்துவிட்டுச் சின்னச் சின்ன வேலையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் கல்யாணமான புதிதில் என் காரில் ஏறினாலே அந்த பேண்டின் பாட்டுதான் ஓடும். வேறு பென் டிரைவ் என்னிடம் கிடையாது. பின் சீட்டில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே அவனுக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம். கிதார் அண்ணன் பாடகர் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் போய்ப் பாடிக் காட்டியிருக்கிறான். எடுத்துக்கொண்டார்கள். முதலில் என்னிடம்தான் ஓடிவந்து சொன்னான். எனக்குப் பெருமையில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ராத்திரி படுத்தபிறகுதான் இன்னொன்று உறைத்தது. பேண்டு செத்துப்போச்சு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இனி எந்த வாயால் அதைச் சொல்வது?

அதனால்தான் அந்தப் பெட்ரோல் விலை. என் முகத்துக்காக அவர்கள் வாயை அடக்கிக்கொண்டார்கள். கண்டக்டர் மட்டும் போகும்போது, "தம்பி, ஒங்க மச்சினன் மேல எனக்குக் கோவம் கெடையாது. இது கொள்கை" என்றார். கொள்கையாம். எலெக்‌ஷனில் நிற்பவர்கள்கூட இப்படிப் பேசுவதில்லை.

நாலைந்து கச்சேரி முடிந்தது. ஒரு நாள் மச்சினன் என் கடைக்கு வந்து, வாசலில் கிடந்த மோட்டார் பெட்டி மேல் உட்கார்ந்தான்.

"மாமா, ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை வந்துருக்கு. பெர்மனென்ட். அக்கா போகச் சொல்லுது."

"நீ என்ன நெனைக்கிற மாப்ள?"

"நான் என்னத்த நெனைக்க. நல்லா பாடுறேன்னா இங்க இருக்கேன். இல்லைனா போயிருறேன். எல்லாரும் சூப்பர்ங்கிறாய்ங்க, ஒருத்தனையும் நம்ப முடியல. நீங்க ஒரு ஆளுதான் எனக்குப் பொய் சொல்ல மாட்டீங்க. அலங்காநல்லூர் பக்கம் ஒரு கச்சேரி இருக்குல்ல, அதுக்கு வந்து கேட்டுட்டுச் சொல்லுங்க. நீங்க சொல்றதுதான்."

பழைய மோட்டாரை ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்டே, பேரிங் போய்விட்டதா, காயில் போய்விட்டதா என்று சொல்லிவிடுவேன். இதற்கென்று இந்தப் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. அந்தத் தைரியத்தில் சரி என்றேன்.

வீட்டுக்குப் போனால் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "நல்லா இல்லைன்னு சொல்லிருங்க. ஒரு வார்த்தைதான். அவன் வாழ்க்கை தப்பிச்சிரும்."

"நல்லா இருந்துச்சுன்னா?"

"இருந்தாலுந்தான்."

அவள் அக்காவாகப் பேசினாள். நான் ரசிகனா, மாமனா, யார் என்று எனக்கே பிடிபடாமல் சாப்பிட்டு முடித்தேன்.

கச்சேரிக்கு மூன்று பேரும் ஒரே காரில் போனோம். அதற்குள் கண்டக்டர் ஒரு வேலை செய்து வைத்திருந்தார். அந்த பேண்டின் புகழுக்கெல்லாம் காரணம் ஆற்றைப் பற்றிய ஒரு பாட்டு. நாங்கள் 'ஆத்துப் பாட்டு' என்போம். அதன் கடைசியில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடிப்பார். கடைசி வரியைக் கூட்டம்தான் பாட வேண்டும். பாடி முடித்தால்தான் உறுமி மறுபடி எழும்பும். அந்த இடத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று பழைய ரசிகர்களுக்கெல்லாம் கண்டக்டர் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார். கிதார் அண்ணனுக்கு அப்போதுதான் உறைக்குமாம். காரில் வைத்து இதை என்னிடமே சொன்னார்.

"நீங்க மட்டும் பாடிக்கங்க தம்பி. ஒங்களுக்கு விதிவிலக்கு" என்றார். நான் கியரை மாற்றி ஓட்டினேன்.

ஊர் மைதானத்தில் பொழுது சாய்ந்ததும் ஆரம்பித்துவிட்டார்கள். முன்னால் தார்ப்பாயில் சின்னப் பிள்ளைகள், அடுத்து நாற்காலியில் பெண்கள், பின்னால் நின்றுகொண்டு நாங்கள். இடதுபக்கம் கண்டக்டர், கச்சேரி முழுக்க செல்போனை உயர்த்திப் பிடித்தபடி. வலதுபக்கம் தம்பி. மூன்று பாட்டு போனது. நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒன்றும் விளங்கவில்லை. பழையவர் இழுக்கிற இடத்தில் இவன் இழுக்கவில்லை. அது தெரியாததாலா, வேண்டாம் என்றா? கண்ணை மூடினால் பழைய குரல் வந்து மேலே உட்கார்ந்துகொள்கிறது. திறந்தால் என் மனைவியின் மூக்கோடு ஒருவன் பாடிக்கொண்டிருக்கிறான்.

ஆத்துப் பாட்டு வந்தது. பழையவர் அதைக் கோபமாகப் பாடுவார், தண்ணீர் இல்லாத ஆற்றை நியாயம் கேட்கிற மாதிரி. இவன் மெதுவாகப் பாடினான். சொந்த வீட்டில் ஏதோ தொலைந்துபோய், அதைத் தேடிக்கொண்டே பேசுகிறவன் மாதிரி இருந்தது. இது தப்பு, பாட்டையே கெடுக்கிறான் என்று நினைத்தேன். அதே நேரத்தில் அவன் நிறுத்திவிடக் கூடாதே என்றும் இருந்தது. இரண்டும் எப்படி ஒன்றாக வரும் என்று குழம்பிக்கொண்டிருக்கும்போதே வாத்தியங்கள் நின்றன. அவன் மைக்கைத் திருப்பினான். ஒரு மூச்சு நேரம் மைதானமே கப்சிப். பிறகு தார்ப்பாய்ப் பிள்ளைகள் கத்த ஆரம்பித்தார்கள், பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், வரி எப்படியோ எழுந்து முடிந்தது. உறுமி அதிர்ந்தபோதுதான், பக்கத்தில் நிற்பவர்களைக்கூட மறந்து நின்ற எனக்கு நினைவு திரும்பியது.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். அவன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான், ஆனால் எதுவும் கேட்கவில்லை.

"என்ன மாப்ள, கேக்க மாட்டியா?"

"வேணாம் மாமா. அந்த எடத்துல ஒங்களத்தான் பாத்தேன். நீங்க பாடல."

"அதுக்கு அர்த்தம் அது இல்லடா."

"அப்ப எது மாமா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியலைடா என்றுதான் சொன்னேன். அதைவிட உண்மையாக அன்றைக்கு என்னிடம் ஒன்றுமில்லை. அவன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஒயரை எடுத்தான். அந்த மாதமே ஓசூருக்குப் போய்விட்டான். "நல்லவேளை, சொல்லிட்டீங்க" என்றாள் மனைவி. நான் எதுவுமே சொல்லவில்லை என்றேன். அவள் நம்பவில்லை.

பேண்டுக்கு வேறொரு பையன் வந்தான். சில மாதம் கழித்து, டீக்கடையில் பழையபடி சண்டை களைகட்டியது. இப்போது என் முகத்துக்காக யாரும் அடக்க வேண்டியதில்லையே. கண்டக்டர் டம்ளரை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"என்ன சொன்னாலும் தம்பி, ஒங்க மச்சினன் இருந்த வரைக்கும் அதுல ஒரு உசுரு இருந்துச்சு. அவன் போனான், எல்லாம் போச்சு."

எனக்கு வந்த கோபத்தில் டீயை அப்படியே வைத்துவிட்டேன். "வாயத் தெறக்கக் கூடாதுன்னு ஊரெல்லாம் சொன்னது யாருண்ணே?"

"அது வேற" என்றார். எப்படி வேறு என்று கேட்டேன். அன்று எடுத்த வீடியோவை வைத்திருப்பதாகச் சொல்லிச் செல்போனை நீட்டினார். போட்டேன். பாட்டு ஓடியது, வாத்தியம் நின்றது, அவன் மைக்கைத் திருப்பினான். தூரத்தில் பிள்ளைகளின் சத்தம். அதற்கு மேலே, செல்போனுக்குப் பக்கத்தில், காலையிலிருந்து டிக்கெட் டிக்கெட் என்று கத்திக் கம்மிப்போன ஒரு குரல் வரியை முழுசாகப் பாடியது.

"என்னண்ணே இது?"

கண்டக்டர் பிடரியைச் சொறிந்தார். "வந்துருச்சு. என்னத்தச் செய்யச் சொல்றீங்க?"

செல்போன் கடைத் தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "மெதுவா நானுந்தான் பாடுனேன்" என்றான்.

வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். என் குரல் எங்கேயும் இல்லை. கொள்கைக்காரர்கள் இரண்டு பேரும் பாடிவிட்டார்கள். யாரும் தடுக்காத நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். பிடிக்காமல்தான் பாடவில்லையா? பிடித்துப்போய், கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேனா? அந்தக் கடையில் உட்கார்ந்து எத்தனையோ தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன், இந்த ஒன்றுக்கு மட்டும் இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

தீபாவளிக்கு அவன் லீவில் வந்தான். சேலத்தில் பஸ் மாறி, காலையில் ஆரப்பாளையத்தில் வந்து இறங்கினான். நான் காரோடு போயிருந்தேன். கொஞ்சம் சதை போட்டிருந்தான். கையில் இருந்த ஸ்வீட் பாக்கெட்டைப் பின்னால் வைத்துவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்தான். பென் டிரைவ் பழையதுதான். திருமங்கலம் ரோட்டில் போகும்போது ஆத்துப் பாட்டு வந்தது. பழைய பாடகர், ஏதோ ஒரு திருவிழாவில் பாடிய பதிவு. மாற்றலாமா என்று கையை நீட்டினேன். "இருக்கட்டும் மாமா" என்றான்.

வாத்தியங்கள் நின்றன. பதிவில் கூட்டம் பாடத் தொடங்கியது. அவன் வாயைத் திறக்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சுருதியும் கிடையாது, தாளமும் கிடையாது. இருந்தாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அந்த வரியைச் சத்தமாகப் பாடினேன், கடைசிச் சொல் வரை.

உறுமி எழும்பியபோது அவன் திரும்பிப் பார்த்தான்.

"இப்ப வருதா மாமா?" என்று சிரித்தான். அது என்ன சிரிப்பு என்று நான் கண்டுபிடிப்பதற்குள் பாட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "பெட்ரோல் இப்ப என்ன வெலை மாமா?" என்று கேட்டான்.