மூன்றாவது இழுப்பு

எங்கள் சிட்லபாக்கம் வீட்டு கேட்டில் ஒரு பித்தளைப் பூட்டு தொங்குகிறது. உள்ளங்கை அகலம், நல்ல கனம். அண்ணி இந்த வீட்டில் இருந்தவரை அதைப் பூட்டுவது அவருடைய வேலை. சாவியைத் திருப்பி எடுத்து கைப்பையில் போட்டுக்கொண்டு, பூட்டைக் கையால் பிடித்து மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். முதல் இழுப்பு மெதுவாக, இரண்டாவது கொஞ்சம் பலமாக, மூன்றாவது கேட்டே ஆடும்படி. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் என் கணவரும் வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்போம். ஆராதனைக்கு மணி அடித்திருக்கும். என் கணவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பார். "பூட்டிக்கிச்சுக்கா. இன்னும் இழுத்தா கையோட வந்துரும், வா" என்பார். அண்ணி காதில் வாங்கியதே இல்லை. ஏரிக்கரை திருப்பம் வரை போய்விட்டு, சந்தேகம் வந்து, தன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டு வந்த நாட்களும் உண்டு. அப்படி ஒருவர் மலை விளிம்பிலிருந்து காற்றில் காலை எடுத்து வைப்பார் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் வாய்விட்டுச் சிரித்திருப்பேன்.

அண்ணி என் கணவரின் அக்கா. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, தம்பியைப் படிக்க வைத்து, வேலைக்கு அனுப்பி, எனக்குக் கட்டியும் வைத்தவர். தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் நேரம் கிடைக்கவில்லை என்பார், ஏதோ ரேஷன் கடைக்குப் போக நேரம் கிடைக்காத மாதிரி. ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் விபத்து இழப்பீடு பார்க்கும் பிரிவில் இருந்தார். நாள் முழுக்க யார் எப்படி விழுந்தார்கள், எது எப்படிக் கழன்றது என்று படிக்கிற வேலை. வீட்டுக்கு வந்து சிலிண்டரை மூடிவிட்டோமா என்று பார்ப்பதும், இஸ்திரிப் பெட்டியின் வயரைக் கழற்றிச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைப்பதும் அதனால் வந்த பழக்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

நாற்பத்தெட்டு வயதில், அலுவலகத் தோழிகளோடு புனே பக்கம் சுற்றுலா போனார். போனவர் பத்து நாள் கூடுதலாக விடுப்புச் சொல்லிவிட்டு அங்கேயே தங்கினார். அடுத்த வருடமும் போனார். இரண்டாம் முறை தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கியபோது அவர் முதுகில் அவரைவிடப் பெரிய ஒரு பை. கூடாரமாக இருக்கும் என்று என் கணவர் நினைத்துக்கொண்டார். இரவு அவர் தூங்கியதும் அண்ணி என்னை மாடிக்குக் கூப்பிட்டுப் பையைத் திறந்தார். மாம்பழ மஞ்சளில், ஓரமெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில், தொட்டால் நழுவுகிற துணி வந்துகொண்டே இருந்தது. பாராகிளைடர் என்றார், மலை விளிம்பிலிருந்து பறக்கிற துணிச் சிறகு; புனே பக்கம் தங்கியதெல்லாம் அதைக் கற்றுக்கொள்ளத்தானாம். எனக்கு முதலில் பயம் வரவில்லை; இதை யார் மடிப்பது என்ற கவலைதான் வந்தது. மடிப்பதும் கடைசியில் என் தலையில்தான் விழுந்தது. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, பட்டுப்புடவை மடிப்பதுபோல, மடிப்பு மடிப்பாக ஒதுக்கி, காற்றைக் கையால் தடவி வெளியேற்றி மடிப்போம்.

பயிற்சிக்கு வேங்கைவாசல் தாண்டி, தெரிந்தவர் ஒருவரின் காலி நிலத்தைக் கேட்டு வாங்கியிருந்தார். சனிக்கிழமை மாலைகளில் போவோம். கடற்காற்று பள்ளிக்கரணைச் சதுப்பைத் தாண்டி, ஒரே சீராக வந்து சேரும் நேரம் அது. போனவுடன் பையைத் திறக்க விடமாட்டார். முதலில் இருவரும் குனிந்து கருவேல முள்ளைப் பொறுக்க வேண்டும்; ஒரு முள் போதும், துணி கிழிய. பிறகு பழைய புடவைக் கரையில் கிழித்த ஒரு நாடாவைக் குச்சியில் கட்டி நடுவார். அந்த நாடா எந்தப் பக்கம் ஆடுகிறது, எப்படி ஆடுகிறது என்று நின்று பார்ப்பார். முதல் நாள், எருமை ஓட்டிக்கொண்டு போன ஒருவர் நின்று, "இன்னா மேடம், ஷூட்டிங்கா? ஈரோ எங்க கீறாரு?" என்று கேட்டார். அண்ணி என்னைக் கைகாட்டினார்.

அதற்கப்புறம்தான் விரிப்பது. காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் எதிரே பிறை வடிவில் சிறகு கிடக்க வேண்டும், காற்று புகுகிற அதன் வாய்களெல்லாம் மேலே பார்த்தபடி. நூற்றுக்கணக்கான மெல்லிய கயிறுகள் அதிலிருந்து கிளம்பி, இரண்டு பட்டைகளில் வந்து முடியும். ஒவ்வொரு கொத்தையும் தூக்கி, விரல் விட்டு, முடிச்சு இல்லை, சிக்கு இல்லை, குச்சி மாட்டவில்லை என்று பார்ப்பார். பின்னால் தொங்கும் ஆபத்துக்கால பாரசூட்டின் ஊசி இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார். ஹெல்மெட்டை மாட்டி, உட்காரும் கச்சையை அணிந்து, மற்றக் கொக்கிகளுக்கெல்லாம் முன்னால் தொடைப் பட்டைகளின் கொக்கிகளைப் பூட்டுவார். பூட்டியதும் இழுத்துப் பார்ப்பார், மூன்று முறை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அண்ணி சிரிக்காமல் சொன்னார்: "மாட்டும்போது இதுதான் மொதல்ல, கழட்டும்போது இதுதான் கடைசி. இத மறந்துட்டு மேல போனா, கச்சையோட அடிப்பக்கமா நழுவி விழுந்துருவோம். ஆபீஸ்ல நான் பாத்த ஃபைல்ல முக்கால்வாசி மறதிதாம்மா, வேற ஒண்ணும் இல்ல."

ஆனால் அந்தச் சிறகு எழும்பும்போது பார்க்க வேண்டும். முன்கயிறுகளைப் பிடித்து அவர் ஒரு அடி பின்னால் வைப்பார். ஈரப் போர்வையை உதறுவதுபோல ஒரு ஓசை. நடுவிலிருந்து ஒவ்வொரு அறையாகக் காற்று புகுந்து, தரையில் கிடந்த துணி முதுகை நிமிர்த்தி எழுந்து, வந்து தலைக்கு மேல் நிற்கும். நின்றுவிடும், அவ்வளவுதான், அத்தனை பெரிய உருவம் சத்தமே இல்லாமல் நிற்கும். ஒருநாள் என்னையும் மாட்டிவிட்டு, முன்னால் நின்று என் பட்டையைப் பிடித்துக்கொண்டார். சிறகு தலைக்கு மேல் வந்ததும் யாரோ என் இடுப்பை இரண்டு பக்கமும் பிடித்து, வா என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது. நான் கத்திவிட்டேன். வீட்டுக்கு வந்தும் சமையலறையில் குதித்துக்கொண்டிருந்தேன். குழம்பில் உப்புப் போட்டேனா என்பதே நினைவில்லை.

அங்கே கால் தரையை விடக் கூடாது என்பது அண்ணியின் கட்டளை. ஒரு மாலை காற்று சட்டென்று பலத்து, அவரை முழங்கால் உயரம் தூக்கியது. அடுத்த கணம் பின்கயிறுகளை இழுத்துச் சிறகைக் கீழே கவிழ்த்துவிட்டார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது, இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாமே என்றேன். தூரத்தில் விமானப்படையின் பயிற்சி விமானம் ஒன்று உறுமிக்கொண்டு திரும்பியது. அதைக் காட்டி, "இது நம்ம வானம் இல்லம்மா" என்றார்.

எத்தனை நாள் மறைக்க முடியும்? அண்ணியின் தோழி ஒருத்தி பாராட்டுகிற உற்சாகத்தில், புனே மலையில் அவர் பறந்த வீடியோவை என் கணவருக்கே அனுப்பிவிட்டாள். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. ஊருக்கெல்லாம் இழப்பீடு எழுதிக் கொடுத்துவிட்டு நீயே போய்க் குதிக்கிறாயா என்று அக்காவைக் கேட்டார். பிறகு, "எனக்கு வேற யாருக்கா இருக்காங்க?" என்றார். அண்ணி ஒருமுறை நேரில் வந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். பார்த்த பிறகும் தம்பி வேண்டாம் என்றால் பையை யாருக்காவது கொடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். அவர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

என் கணவருக்கு மறைமலைநகரில் ஷிப்ட் வேலை. சனிக்கிழமை விடுப்பு கிடைப்பது குதிரைக்கொம்பு. எப்படியோ வாங்கினார். விடியுமுன் காரில் கிளம்பி, வேலூரைத் தாண்டி, ஜோலார்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு மலை விளிம்புக்குப் போனோம். பெங்களூரிலிருந்து பறக்க வருகிற ஒரு சிறு கூட்டம் அங்கே இருந்தது. வேடிக்கை பார்க்க ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். அண்ணி விரித்தார், கயிறு பார்த்தார், மாட்டினார், இழுத்துப் பார்த்தார். எல்லாம் தயார். ஆனால் அந்த நாடா சரியில்லை. தொங்கிக் கிடக்கும், திடீரென்று விறைத்து அடிக்கும், உடனே பக்கவாட்டில் சுழலும். எதிர்மலைக்கு மேல் ஒரு மேகம் அடியில் கறுத்துக்கொண்டிருந்தது. அண்ணிக்கு முன்னால் கிளம்பிய ஒரு பையன் மேலே குலுங்கிக் குலுங்கிப் போனான். அவன் சிறகின் ஒரு ஓரம் மடங்கி, மறுபடி விரிந்தது. பத்திரமாகத்தான் இறங்கினான். கூட்டத்தில் ஒருவர், இடைவெளி கிடைக்கும்போது போய்விடுங்கள் மேடம் என்றார்.

அண்ணி தம்பியைத் திரும்பிப் பார்த்தார். நாடாவைப் பார்த்தார். சிறகைக் கழற்றிக் கீழே வைத்து, ஹெல்மெட் தலையிலேயே இருக்க, என்னை மடிக்கக் கூப்பிட்டார். யாரோ கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கு அண்ணி மேல் கோபம் கோபமாக வந்தது. அவருக்கு இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. பறந்து காட்டியிருந்தால் தம்பி மனம் மாறியிருக்கலாம். இப்போது அவர் பார்த்ததெல்லாம் ஒரு பையன் குலுங்கியதும் மேகம் கறுத்ததும்தான். மடித்து முடிப்பதற்குள் மலை விளிம்பில் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது, கார்க் கதவைத் திறக்கவே முடியவில்லை.

திரும்பும் வழியில் வாலாஜாவில் டீ குடித்தோம்; அண்ணி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும் பையைத் தானே முதுகில் ஏற்றிக்கொண்டு, யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். என் கணவர் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். திரும்பாமலே, "அடுத்த சனிக்கிழமையும் லீவு கேக்கறேன்க்கா" என்றார்.

அந்த அடுத்த சனிக்கிழமையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மலையடிவாரத்துத் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் ஒரே மாதிரி அசைந்தன. நாடா பள்ளத்தாக்குப் பக்கமிருந்து எங்களை நோக்கி நேராக, நிதானமாக நீண்டு நின்றது. அண்ணி விரித்து, பார்த்து, மாட்டி, கொக்கிகளை மூன்று முறை இழுத்தார். அப்போது என் கணவர் அவர் அருகே போனார். அவ்வளவு பேர் முன்னால், புழுதியில் முட்டி போட்டு, அக்காவின் தொடைப் பட்டைக் கொக்கியைப் பிடித்து இழுத்தார். மெதுவாக ஒன்று, பலமாக ஒன்று, ஆளே ஆடும்படி ஒன்று. பிறகு மற்ற காலிலும் அப்படியே. அண்ணி அவர் தலையில் ஒரு கை வைத்துக்கொண்டு நின்றார்.

சிறகு எழுந்தது. தலைக்கு மேல் நின்றதும் அண்ணாந்து ஒருமுறை பார்த்தார், சட்டென்று திரும்பினார், ஓடினார். நான்கைந்து அடிதான் இருக்கும். அதற்கப்புறம் கால்கள் காற்றில் ஓடிக்கொண்டிருந்தன. நான் என் கணவரின் தோளை நகம் பதியப் பிடித்திருந்தேன். மஞ்சள் சிறகு பள்ளத்தாக்கின் மேல் வழுக்கிப் போய், மலையை ஒட்டித் திரும்பி, எங்கள் உயரத்துக்கு வந்து, எங்களுக்கும் மேலே போனது. எங்கள் அண்ணி எங்கள் தலைக்கு மேல். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பக்கத்தில் நின்றவர் கையிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. எல்லோரும் குனிந்து கேட்டோம்.

"தம்பி, கார பூட்டினியா?"

என் கணவர் அதை வாங்கி, இரண்டு முறை பொத்தானை அழுத்தி அழுத்தி விட்டுவிட்டார். மூன்றாம் முறை, "பூட்டிட்டேன்க்கா. இழுத்தும் பாத்துட்டேன்" என்றார். கொஞ்ச நேரத்தில் கீழே கேழ்வரகு அறுத்த வயலில், இரண்டு கைகளையும் இழுத்துப் பிடித்து, படி இறங்குவதுபோல அண்ணி தரையில் கால் வைத்தார்.

போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அந்த மலையடிவாரத்திலேயே வீடு பார்த்துப் போய்விட்டார். காற்று நன்றாக இருந்தால் பறக்கிறார். இல்லாத நாளில் எங்களுக்கு போன் செய்து சிலிண்டரை மூடிவிட்டோமா என்று கேட்கிறார். என் கணவருக்கு முட்டி வலி வந்ததிலிருந்து வண்டி ஓட்டுவது நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி அடித்துவிடுகிறது. நான் வண்டியை முடுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் சாவியைத் திருப்பி எடுத்து, பித்தளைப் பூட்டைப் பிடித்து இழுக்கிறார். கட்டைவிரல் ஹாரன் மேல்தான் இருக்கிறது, ஆனால் நான் அழுத்துவதில்லை. மூன்றாவது இழுப்பு முடிந்ததும் பூட்டை விடாமல் கொஞ்சம் அண்ணாந்து பார்க்கிறார். சிட்லபாக்கத்து வானத்தில் அக்கா இருக்க வழியில்லை என்று அவருக்கே தெரியும். பார்த்துவிட்டு வந்து பின்னால் ஏறிக்கொள்கிறார்.