தங்கைக்குக் கொடுத்த என் மாத்திரை

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கிளினிக்கில் கூட்டித் துடைக்கிற வேலை எனக்கு. எங்கள் லைன் வீட்டுக்காரர்கள் என்னைப் பாதி டாக்டராக நினைக்க அது போதும். காய்ச்சல் என்றால் டாக்டரைப் பார்க்கும் முன் என் கதவைத்தான் தட்டுவார்கள். டாக்டரிடம் போனால் அரைநாள் வேலை போகும், என்னிடம் வந்தால் டீ கிடைக்கும். எனக்கும் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

போன மாதம் பக்கத்து வீட்டிலிருக்கும் என் தங்கை வந்தாள். மோட்டார் பட்டறையில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறவள்.

"நாலு நாளாத் தல கிர்ருனு சுத்துதுங்க்கா. கையெல்லாம் அசதியா இருக்குது."

"எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது கண்ணு. சக்கரையாத்தான் இருக்கும். நம்ம அம்மாவுக்கும் இருந்துச்சல்ல" என்றேன்.

டெஸ்ட் எடுக்கச் சொல்லத் தோன்றவில்லை. என் சர்க்கரை மாத்திரை அட்டையில் பாதியைக் கத்தரித்துக் கொடுத்து, காலையில் வெறும் வயிற்றில் போடச் சொன்னேன். நான் மாத்திரை போட்டதும் இட்லி சாப்பிடுவேன். அவள் வெறும் டீயோடு வேலைக்கு ஓடுகிறவள். புத்தி கெட்டவள் நான், அதை யோசிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் பட்டறையிலேயே விழுந்துவிட்டாள். கூட வேலை செய்கிறவர்கள் ஆட்டோவில் போட்டு எங்கள் கிளினிக்குக்கே தூக்கி வந்தார்கள். உடம்பெல்லாம் வியர்வை, பேச்சில்லை. நான் துடைப்பத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். டாக்டர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு அவசரமாகக் குளுக்கோஸ் ஏற்றினார். அவள் கண் திறக்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

ரத்த டெஸ்ட் முடிவு வந்தபோது, கூட வந்தவர்களில் ஒருத்தி அவள் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாள்.

"இவங்களுக்குச் சர்க்கரையே இல்லம்மா, ரத்தம்தான் கம்மியா இருக்கு. இன்னும் ஒரு நாள் இதைப் போட்டிருந்தா உயிரே போயிருக்கும். யார் குடுத்தது?" என்றார் டாக்டர்.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "நானாத்தானுங்க மெடிக்கல்ல வாங்கிப் போட்டுப்போட்டேன்."

என் வேலை போய்விடக் கூடாதென்று அந்த நிலைமையிலும் பொய் சொல்கிறாள். நான்தான் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டி வந்து படுக்க வைத்தேன். டாக்டர் கொடுத்த, ரத்தம் ஊறுகிற மாத்திரைக் கவரைப் பிரித்து என் கையில் வைத்தாள்.

"நீங்க ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க்கா, இதப் போட்டுக்கலாமா?"